செலொப்பியாத்தின் குமாரத்திகளும் கோத்திரக் காணியாட்சியும்

செலொப்பியாத்தின் குமாரத்திகள் என்று விவிலியம் குறிப்பிடும் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் ஆகிய ஐவரும் மனாசே கோத்திரத்தைச் சேர்ந்த சகோதரிகள். மகன் இல்லாத வீட்டில் தகப்பனின் நிலம் மகளுக்குச் சேரும் என்னும் விதி இஸ்ரவேலின் சட்டத்தில் இடம்பெற்றதற்கு இவர்கள் தொடுத்த வழக்கே காரணமாயிற்று. காணியாட்சி, அதாவது தலைமுறை தோறும் குடும்பத்திலேயே நிலைத்திருக்க வேண்டிய நிலப்பங்கு, கானான் தேசத்தை ஆபிரகாமின் சந்ததிக்குத் தருவதாகக் கடவுள் செய்த உடன்படிக்கை ஒவ்வொரு வீட்டிலும் நிறைவேறியதன் அடையாளமாகக் கருதப்பட்டது. நிலம் கடவுளுக்கே உரியது என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் கூறுவதால் அதை அறுதியாக விற்க இயலாது. வறுமையால் விற்க நேர்ந்தாலும், 50ஆம் ஆண்டாகிய யூபிலியில் அது பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். பிற்காலத்தில் யெஸ்ரயேலைச் சேர்ந்த நாபோத், முன்னோர் விட்டுச்சென்ற திராட்சத்தோட்டத்தை ஆகாப் அரசனுக்குக் கொடுக்க மறுத்து உயிரிழந்ததும் இந்தப் பிடிப்பினாலேயே.

எண்ணாகமம் 26ஆம் அதிகாரத்தின்படி, மோவாப் சமவெளியில் எண்ணப்பட்ட 6,01,730 ஆண்களின் பெயர்ப்பட்டியலை வைத்தே தேசம் சீட்டுப்போட்டுப் பங்கிடப்பட வேண்டியிருந்தமையால், ஆண்பிள்ளை இல்லாமல் வனாந்தரத்தில் இறந்த செலொப்பியாத்தின் வீட்டுக்குப் பங்கே இல்லாமல் போகும் நிலை எழுந்தது. சகோதரிகள் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் மோசே, ஆசாரியனாகிய எலெயாசார், கோத்திரத் தலைவர்கள், சபையார் அனைவருக்கும் முன்பாக நின்று, தங்கள் தகப்பன் மோசேயை எதிர்த்த கோராகின் கலகக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் என்பதை முதலில் நிலைநாட்டி, மகன் இல்லாத ஒரே காரணத்துக்காக அவன் பெயர் வம்சத்திலிருந்து அழியலாமா என்று கேட்டனர். மோசே தாமே தீர்ப்புச் சொல்லாமல் வழக்கைக் கடவுளிடம் கொண்டுசென்றார். அவர்கள் கேட்டது நியாயம் என்னும் விடை வந்தது. அதைத் தொடர்ந்து மகன், மகள், உடன்பிறந்தார், தகப்பனின் உடன்பிறந்தார், நெருங்கிய உறவினர் என்னும் வாரிசு வரிசை பொதுச் சட்டமாயிற்று.

இத்தீர்ப்பைப் பெண்ணுரிமையின் முழு வெற்றி என்று கொள்வது மிகையாகும். மகன் இருக்கும் வீட்டில் மகளுக்கு அது பங்கு தரவில்லை. எண்ணாகமத்தின் இறுதி அதிகாரமோ அதற்கு ஓர் எல்லையையும் இட்டது. இப்பெண்கள் வேறு கோத்திரத்தில் மணம்புரிந்தால் நிலமும் உடன் சென்றுவிடும், யூபிலிகூட அதை மீட்டுத் தராது என்று குலத்தலைவர்கள் முறையிட்டதால், தங்கள் தகப்பனின் கோத்திரத்துக்குள் விரும்பியவரை மணக்கலாம் என்று முடிவாயிற்று. ஐவரும் தங்கள் சிற்றப்பன், பெரியப்பன் மக்களையே மணந்தனர். ஆயினும், ஐந்து பெண்கள் சபை நடுவே நியாயம் கேட்டுச் சட்டத்தையே விரிவுபடுத்தியதை மோசேயின் நூல் பெயர் பெயராகப் பதிந்து வைத்திருப்பது சாதாரணமானதன்று.

யோசுவா 17ஆம் அதிகாரம் யோர்தானுக்கு மேற்கே மனாசேக்கு விழுந்த பத்துப் பங்குகளைக் குறிக்கிறது. ஆறு குலங்களுள் எப்பேரின் பங்கு அவனுடைய பேத்திகளான ஐவருக்கும் சென்றது என்று கொண்டால் இக்கணக்கு பொருந்துகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு 1910இல் சமாரியாவின் அரண்மனை வளாகத்தில் கண்டெடுத்த, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மையெழுத்து ஓடுகள் இதற்கு எதிர்பாராத ஒளி தந்தன. பழைய திராட்சரசமும் எண்ணெயும் வந்து சேர்ந்ததைக் குறிக்கும் அவ்வோடுகளில் அபியேசர், சீகேம் முதலிய ஐந்து குலப்பெயர்களோடு நோவாள், ஒக்லாள் என்னும் பெயர்களும் ஊர்ப்பகுதிகளின் பெயர்களாக வருகின்றன. எப்பேர் மட்டும் காணப்படவில்லை. வட அரசின் பழைய தலைநகர் ஒன்றும் திர்சா என்றே வழங்கியது. இதனால், மனாசே நாட்டின் வட்டாரங்கள் பெண்பெயர் பெற்ற காரணத்தை விளக்க எழுந்ததே இவ்வரலாறு என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

பிற்கால யூத மரபு சகோதரிகளை அறிவும் பக்தியும் உடையவர்களாகப் போற்றியது. கோத்திரத்துக்குள்ளேயே மணம்புரிய வேண்டும் என்னும் கட்டுப்பாடு தேசத்தைப் பங்கிட்ட தலைமுறையை மட்டுமே பிணித்தது என்று பாபிலோனியத் தல்மூத், அதாவது ரபிமாரின் சட்ட விவாதத் தொகுப்பு, முடிவு செய்தது. கோத்திரங்கள் தமக்குள் கலந்து மணக்க அனுமதி கிடைத்த நாள் ஆவ் மாதம் 15 என்றும், இஸ்ரவேலுக்கு அதைப்போன்ற மகிழ்ச்சியான நாட்கள் அரிது என்றும் அத்தொகுப்பு கூறுகிறது.