தலைசுற்றல்: மூளையிலிருந்து செவிக்கு

தமிழ் இலக்கணத்தில் ‘மயக்கம்’ என்பது கலத்தலைக் குறிக்கும். மெய்ம்மயக்கம் என்னும் வழக்கு இதற்குச் சான்றாகும். அன்றாட வழக்கிலோ நினைவிழத்தல், கண் இருளல், சுற்றுப்புறம் சுழல்வதாகத் தோன்றல் ஆகிய மூன்றும் இவ்வொரு சொல்லுள் கலந்து கிடக்கின்றன. இவற்றுள் இறுதியானதைப் பிரித்தறிய மேலை மருத்துவத்திற்கும் நெடுங்காலம் தேவைப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை ஐரோப்பிய மருத்துவர் தலைசுற்றலைப் பெரிதும் மூளை நோயாகவே கருதினர். மூளையில் குருதி மிகுந்தது எனக் கொண்டு குருதியை வெளியேற்றும் மருத்துவமும் செய்தனர். 1820களில் பிரான்சு நாட்டு ஃப்ளூரென்ஸ் புறாக்களின் உட்செவி அரைவட்டக் குழல்களை அறுத்தபோது, அவை நிலைகுலைந்து சுழன்றன. எனினும் இச்செய்தி மனித நோயோடு உடனே இணைக்கப்படவில்லை.

அவ்விணைப்பை நிகழ்த்தியவர் பாரிசில் செவிப்புலன் குன்றியோர்க்கான நிறுவனத்தின் மருத்துவராகப் பணியாற்றிய புரோஸ்பர் மெனியே ஆவார். தலைசுற்றல், காதிரைச்சல், செவித்திறன் குறைதல் ஆகியன ஒருங்கே தோன்றுவதைக் கண்ட அவர், நோயின் இருப்பிடம் உட்செவியே என 1861இல் அறிவித்தார். மறு ஆண்டே அவர் மறைந்தார். நோய் அவர் பெயரால் நிலைபெற்றது.

வியன்னாவில் ராபர்ட் பாரானி, செவியைக் கழுவும் நீர் குளிர்ந்திருந்தால் ஒரு திசையிலும் வெம்மையாயிருந்தால் எதிர்த்திசையிலும் கண்கள் துடிப்பதைக் கண்டார். உட்செவி நீர்மம் வெப்ப வேறுபாட்டால் நகர்வதே இதற்குக் காரணம் என விளக்கினார். 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது அவர் உருசியாவில் போர்க்கைதியாக இருந்தார்.

படுக்கையில் புரளும்போது சில நொடிகள் தோன்றும் சுழற்சியே உட்செவித் தலைசுற்றலுள் மிகப் பரவலானது. 1952இல் டிக்சும் ஹால்பைக்கும் அதனைக் கண்டறியும் முறையை விளக்கினர். இடம்பெயர்ந்த கால்சியம் கார்பனேட் நுண்படிகங்கள் அரைவட்டக் குழலுள் அலைவதே அதன் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. தலையை முறையாகத் திருப்பி அவற்றை வெளியேற்றும் முறையை எப்லி 1992இல் வெளியிட்டார். மருந்தோ அறுவையோ இன்றிப் பலர் நலம் பெற்றனர்.

எனினும், எல்லாம் செவியின்பாற்பட்டன அல்ல. எழுந்தவுடன் குருதியழுத்தம் தாழ்தல், குருதிச்சோகை ஆகியவற்றால் கண் இருளும். ஒற்றைத் தலைவலியும் சுழற்சியை விளைவிக்கும். பேச்சுக் குழறலோ கைகால் தளர்ச்சியோ உடன் வரின் மூளைத் தாக்கு என ஐயுற்று விரைந்து மருத்துவம் பெறுதல் வேண்டும். ஆதலின், ‘மயக்கம்’ என நோயாளி கூறுமிடத்து அச்சொல்லின் பொருளைத் தெளிவதே நோயறிதலின் முதற்படியாகும்.