காணாப் பொருளும் கோலார்ச் சுரங்கமும்

ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் தோட்டத்துப் பசுமையைக் கொண்டே சுண்ணக்கல்லின் அடியில் நீருண்டென அறிகிறோம். 1933இல் சுவிக்கி என்ற வானியலறிஞரும் அவ்வாறே, கோமாக் கூட்டத்து உடுத்தொகுதிகளின் மிகுவேகத்தைக் கொண்டு, ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் இருட்பொருளை ஊகித்தார். அது திணிவுடைய நியூத்திரினோத் துணிக்கைகளாகலாம் என 1973இல் ராமநாத் கௌசிக்கும் மெக்லெலண்டும் மொழிந்தனர். ஆயினும், விரைந்தோடும் நியூத்திரினோ சிறு உடுத்தொகுதிகளைத் திரளவிடாது; எனவே அறிஞர் பாரமான, மந்தமான துணிக்கைகளை நாடினர். அவை இன்னும் அகப்படவில்லை.

இத்தகைய தேடலுக்கு ஆழமே துணை. பாறை ஏனைய கதிர்களைத் தடுக்கும். வளிமண்டலத்தில் பிறந்த நியூத்திரினோவின் தடம் 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீற்றருக்கும் கீழே பதிவாயிற்று. அவ்வாழத்தைத் தோண்டியவர் யார்? பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர். பாறைவெடிப்பில் மாண்டோர் பலர். பௌதிக நூல்கள் இவர்களைச் சொல்லா. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்தோரும் இவர்களே.