கர்ப்ப கால அரிப்பு: வீட்டு வைத்தியம் எதுவரை?

கர்ப்பிணிப் பெண்களில் பலருக்கும் வயிறு பெரிதாகத் தொடங்கியதும் அரிப்பு வருகிறது. தோல் விரிந்து வறண்டு போவதும் வியர்வை கூடுவதும்தான் பெரும்பாலும் காரணம். "எல்லாம் சூடுதான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பல நேரம் அப்படி விட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் விடக்கூடாத அரிப்பு ஒன்று உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் குளிக்கும் முறை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். பிறகு அரிப்பு இரட்டிப்பாகும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளித்துவிட்டு, ஈரம் முழுவதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அரை கப் ஓட்ஸைப் பொடித்து மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து, குளிக்கும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து ஊற்றலாம். தடிப்புள்ள இடத்துக்கு இது இதமானது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுப்பதும், கலமைன் லோஷனும் நல்லவை. பர்தாவுக்குள் அணியும் உடை பருத்தியாகவும் தளர்வாகவும் இருக்கட்டும்.

சோற்றுக்கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் தோலை எரிச்சலூட்டும். அது வடிந்தபின் கழுவி, உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் முதலில் முன்கையில் தடவிப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கற்றாழையையோ வேப்பிலைச் சாற்றையோ கர்ப்ப காலத்தில் உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. சொறிந்து புண்ணான இடத்தில் எலுமிச்சைச் சாறு தேய்ப்பதை வைத்தியம் என்றே நாம் சொல்ல மாட்டோம்.

கடைசி மூன்று மாதங்களில், அதிலும் முதல் பிரசவத்தில், வயிற்றுக் கோடுகளின் மேல் சிவந்த தடிப்புகள் தோன்றித் தொடை வரை பரவுவதுண்டு. தொப்புளைச் சுற்றி மட்டும் பெரும்பாலும் இருக்காது. இதனால் குழந்தைக்குப் பாதிப்பில்லை. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் மறைந்துவிடும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி நீர்க்கொப்புளமாக மாறினால் அது வேறு நோய், மருத்துவரிடம் காட்ட வேண்டும். வட்ட வட்டமாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு நோயை மறைத்துப் பரவவே செய்யும். வீட்டில் மற்றவர்களும் இரவில் சொறிகிறார்களா? அப்படியானால் சிரங்கு; எல்லோருக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை.

இனி அந்த விடக்கூடாத அரிப்பு. தோலில் தடிப்போ பருவோ எதுவும் இருக்காது. சொறிந்த கீறல் மட்டுமே தெரியும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிகமாக அரிக்கும், இரவில் தூங்க விடாது. பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குப் பிறகு வரும். கல்லீரலில் இருந்து பித்தநீர் சரியாக வடியாமல், பித்த அமிலம் ரத்தத்தில் சேர்வதே இதன் அடையாளம். சிலருக்குச் சிறுநீர் அடர் நிறமாகும், மலம் வெளுக்கும், கண் மஞ்சளாகும். ஆனால் அவை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலை எட்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது. எந்த எண்ணெயும் அந்த அளவைக் குறைக்காது.

இத்தகைய அரிப்பு இருந்தால் அடுத்த செக்கப் தேதி வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். "தடிப்பு இல்லாமல் உள்ளங்கால் அரிக்கிறது" என்று அப்படியே சொல்லி, கல்லீரல் பரிசோதனையும் பித்த அமிலப் பரிசோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள். முதல் பரிசோதனை சரியாக இருந்தும் அரிப்பு நிற்கவில்லை என்றால் மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும். அளவைப் பொறுத்துப் பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ள மருத்துவர் சொல்லலாம். அடுத்த கர்ப்பத்திலும் இது திரும்ப வரக்கூடும் என்பதால் அந்த அறிக்கைகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.