இரு கூடம், ஒரு பீடம்

நெல்லைச் சீமையின் தென்கோடியில் உள்ளது வடக்கன்குளம். 1745-இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அங்கே 1872-இல் எழுந்த திருக்குடும்பக் கோயிலுக்குப் பீடம் ஒன்று; கூடங்களோ இரண்டு. காற்சட்டையின் இரு கால்களும் இடுப்பிலே சேர்வதுபோல, அவ்விரண்டும் பீடத்தண்டை வந்து கூடும். வேளாளர் ஒரு கூடத்தில்; நாடாரும் பிறரும் மறு கூடத்தில்; இடையே சுவர். ஒருவர் முகம் ஒருவர் பாராமலே ஒரே பூசை கண்டனர். கட்டியவர் கைத்திறத்தை மெச்சுவதா, அத்திறத்துக்கு நேர்ந்த பணியை நோவதா? 1910-இல் பங்குக் குரு கவுசானல் அடிகளார் சுவரை இடிப்பித்தார். வேளாளர் வழக்காடினர். தனியிடம் தங்கள் உரிமை என்ற அவர்தம் வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றமும் ஏற்கவில்லை.