ரொசெட்டா: கல்லும் கணினியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, காபி குடித்துக்கொண்டே மெதுவாகப் படியுங்கள்.

என் அண்ணன் மகள் புதிதாக மேக் லேப்டாப் வாங்கியிருக்கிறாள். அதில் பழைய புரோகிராம் ஒன்றைத் திறந்தபோது "ரொசெட்டாவை நிறுவ வேண்டுமா?" என்று கேட்டதாம். "அத்தை, இது நீங்க சொன்ன எகிப்து கல்லு பேராச்சே, இது எப்படி இங்க வந்தது?" என்று போனில் கேட்டாள். நல்ல கேள்வி. பதில் சொல்ல உட்கார்ந்தால் அறுபது வருடக் கதையாக விரிகிறது. உங்களில் பாதிப் பேர் கணினித் துறையில் இருக்கிறீர்கள். மீதிப் பேருக்கும் இது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கல். 1799ல் எகிப்தில் ரஷீத் என்ற ஊரில் பிரெஞ்சுப் படைவீரர்கள் கண்டெடுத்தார்கள். அந்த ஊரை ஐரோப்பியர் ரொசெட்டா என்பார்கள். ஒரே அரசாணை அந்தக் கல்லில் மூன்று எழுத்துமுறைகளில் வெட்டப்பட்டிருந்தது: எகிப்தியச் சித்திர எழுத்து, டெமோட்டிக் என்ற புழக்க எழுத்து, கிரேக்கம். கிரேக்கம் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 1822ல் ஷாம்போலியன் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தார். அதுவரை பல நூற்றாண்டுகளாக எகிப்தின் கல்வெட்டுகள் கண்ணெதிரே இருந்தும் வாசிக்க ஆளில்லாமல் கிடந்தன.

கணினியிலும் அதே ஆபத்து உண்டு. எழுதியது இருக்கும், வாசிக்கும் இயந்திரம் இருக்காது.

எப்படி என்கிறீர்களா? கணினிக்குள் இருக்கும் பிராசசருக்கு எண்களைத் தவிர வேறு எதுவும் தெரியாது. ஒவ்வொரு கட்டளையும் ஓர் எண். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அந்தப் பிராசசரை வடிவமைத்தவர்கள் முடிவு செய்கிறார்கள். ஓர் உதாரணம் பாருங்கள். இன்டெல் வகைப் பிராசசருக்கு 144 என்ற எண் வந்தால் "ஒன்றும் செய்யாமல் அடுத்ததற்குப் போ" என்று பொருள். பழைய ஆப்பிள் 2 கணினியில் இருந்த 6502 பிராசசருக்கு அதே 144 வந்தால் "இன்ன நிபந்தனை இருந்தால் வேறு இடத்துக்குத் தாவு" என்று பொருள். அதனிடம் சும்மா இருக்கச் சொல்ல வேண்டுமானால் 234 என்று சொல்ல வேண்டும். ஆக, ஒரு பிராசசருக்காகச் செய்த புரோகிராமை அப்படியே இன்னொன்றில் போட்டால் அதற்கு அது வெறும் உளறல்தான்.

இதற்கு வழி இருக்கிறது என்பதைக் கணித முறையில் 1936லேயே ஆலன் டூரிங் காட்டிவிட்டார். ஓர் இயந்திரத்தின் விவரம் முழுவதையும் எழுதிக் கொடுத்தால், பொதுவான இன்னோர் இயந்திரம் அதைப்போலவே நடந்துகொள்ள முடியும். முடியும் என்பது சரி, எவ்வளவு வேகத்தில் என்பதுதான் பிற்பாடு எல்லோரையும் வாட்டியது.

முதன்முதலில் இது பெரிய வியாபாரப் பிரச்சினையாக வந்தது அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனத்துக்கு. 1959ல் அவர்கள் வெளியிட்ட 1401 என்ற கணினி சக்கைப்போடு போட்டது. பத்தாயிரத்துக்கும் மேல் தயாரானது. சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு, காப்பீட்டுக் கணக்கு என்று நிறுவனங்கள் அதற்கென்று ஏராளமான புரோகிராம்களை எழுதி வைத்துக்கொண்டன. ஐபிஎம்மோ, தன் கணினி வகைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பதைச் சரிசெய்ய, எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு சிஸ்டம்/360 என்ற ஒரே குடும்பத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்திலேயே 500 கோடி டாலர் பந்தயம் என்று பேசப்பட்ட திட்டம் அது.

இதற்கிடையில் 1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் ஒரு வேலை செய்தது. 200 என்ற தன் புதுக் கணினியோடு, 1401 புரோகிராம்களை மாற்றிக்கொடுக்கும் மென்பொருளையும் சேர்த்து விற்றது. அதற்கு "லிபரேட்டர்", அதாவது விடுதலை அளிப்பவர் என்று பெயர் வைத்ததைப் பாருங்கள்! ஐபிஎம்மின் வாடிக்கையாளர்கள் தங்கள் பழைய புரோகிராம்களோடு வேறு வீட்டுக்குக் குடிபோக வழி கிடைத்துவிட்டது.

1964 ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் சிஸ்டம்/360ஐ அறிவித்தது. அதன் சிறிய மாடல்களில் ஒன்றான 30ல், பிராசசருக்குள்ளேயே இருக்கும் நுண்கட்டளைகள் வழியாக 1401ன் கட்டளைகளையும் புரிந்துகொள்ள ஏற்பாடு செய்திருந்தார்கள். இன்று நாம் சொல்லும் "எமுலேட்டர்" என்ற சொல் இந்தப் பொருளில் வழக்குக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். புதுக் கணினி வாங்கியவர்கள் பலர் அதில் பழைய 1401 புரோகிராம்களையே ஆண்டுக்கணக்கில் ஓட்டினார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பாடத்திட்டம் மாறிய ஆண்டுகளில் பழைய குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தாத ஆசிரியர் யார்?

இனி, இந்த மொழிபெயர்ப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டு வழிகள். ஒன்று, பொதுக்கூட்டத்தில் வடக்கிலிருந்து வந்த தலைவர் ஒரு வரி பேசுவார், பக்கத்தில் நிற்பவர் அதைத் தமிழில் சொல்வார். மறுபடி ஒரு வரி, மறுபடி மொழிபெயர்ப்பு. வேலை நடக்கும், ஆனால் கூட்டம் முடிய இரட்டிப்பு நேரமாகும். தலைவர் அதே வரியைப் பத்து முறை சொன்னால் பத்து முறையும் மொழிபெயர்க்க வேண்டும். இன்னொன்று, புத்தகத்தை முழுவதுமாக மொழிபெயர்த்து அச்சிட்டுவிடுவது. முதலில் பாடுபட வேண்டும், பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் வேகமாகப் படிக்கலாம்.

இரண்டையும் அழகாகச் சேர்த்தவர்கள் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற நிறுவனத்தார். 1992ல் அவர்கள் கொண்டுவந்த ஆல்ஃபா பிராசசர் அன்றைக்கு மிக வேகமான ஒன்று. அதில் விண்டோஸ் என்டி ஓடியது. ஆனால் கடைகளில் கிடைத்த விண்டோஸ் புரோகிராம்கள் எல்லாம் இன்டெல் வகைக்குச் செய்தவை. 1996ல் எஃப்எக்ஸ்!32 என்ற மென்பொருளைத் தந்தார்கள். ஒரு புரோகிராமை முதல் தடவை ஓட்டும்போது அது வரிக்கு வரி மொழிபெயர்க்கும், எந்தப் பகுதிகள் ஓடின என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். நீங்கள் புரோகிராமை மூடிய பிறகு, அந்தப் பகுதிகளை நிதானமாக மொழிபெயர்த்து வட்டில் சேமித்துவிடும். அடுத்த முறை திறந்தால் வேகமாக ஓடும். பகலில் பாடம் கேட்டு இரவில் எழுதிப் பார்க்கும் மாணவனைப்போல.

இவ்வளவு நன்றாகச் செய்தும் ஆல்ஃபா பிழைக்கவில்லை. 1998ல் நிறுவனத்தைக் காம்பேக் வாங்கியது. 1999ல் ஆல்ஃபாவில் விண்டோஸ் என்டி நிறுத்தப்பட்டது. பாலம் உறுதியாக இருந்தது, அக்கரைக்குக் குடிபோகத்தான் போதிய ஆட்கள் இல்லை.

ஆப்பிள் கதைக்கு வருவோம். 1984ல் வந்த மேக்கின்டாஷில் மோட்டோரோலாவின் 68000 பிராசசர். பத்து வருடம் கழித்து, 1994 மார்ச்சில், பவர்பிசி என்ற வேறு வகைப் பிராசசருக்கு மாறினார்கள். கேரி டேவிடியன் என்ற பொறியாளர் எழுதிய எமுலேட்டர் அதற்குள் இருந்தது. இதில் வியப்பு என்னவென்றால், ஆப்பிளின் இயக்க மென்பொருளிலேயே பெரும்பகுதி இன்னும் பழைய மொழியில்தான் இருந்தது! அதுவும் எமுலேட்டர் வழியாகத்தான் ஓடியது. ஆரம்பத்தில் பழைய புரோகிராம்கள் சற்று மெதுவாக ஓடின, ஆனால் ஓடின. வாங்கியவர்களுக்கு உள்ளே நடந்த மொழிபெயர்ப்பு கண்ணுக்கே தெரியவில்லை.

2005 ஜூன் 6 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் அடுத்த மாற்றத்தை அறிவித்தார்: பவர்பிசியிலிருந்து இன்டெலுக்கு. இந்த முறை வந்த மொழிபெயர்ப்பாளருக்குத்தான் ரொசெட்டா என்று பெயர் வைத்தார்கள். அதன் அடிப்படை நுட்பம் டிரான்சிடிவ் என்ற சிறிய நிறுவனத்துடையது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலஸ்டேர் ராஸ்தார்ன் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த நிறுவனம் அது.

ரொசெட்டாவுக்கு ஒரு கூடுதல் தலைவலி இருந்தது. பெரிய எண் ஒன்றை நினைவகத்தின் பல அறைகளில் பிரித்து வைக்கும்போது, மேக்கில் இருந்த பவர்பிசி பெரிய பகுதியை முதல் அறையில் வைக்கும். இன்டெல் சிறிய பகுதியை முதலில் வைக்கும். முகவரி எழுதும்போது நாம் கதவு எண்ணில் தொடங்கி மாநிலத்தில் முடிக்கிறோம், வேறொருவர் மாநிலத்தில் தொடங்கினால் எப்படி இருக்கும்? அப்படி. கல்லிவர் கதையில் லில்லிபுட் நாட்டார் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று சண்டை போடுவார்கள், நினைவிருக்கிறதா? 1980ல் டேனி கோஹன் என்ற விஞ்ஞானி அந்தச் சண்டையிலிருந்துதான் இந்த இரு வழக்கங்களுக்கும் "பெரு முனை", "சிறு முனை" என்ற பெயர்களைக் கணினி உலகுக்குக் கொண்டுவந்தார். ரொசெட்டா மொழிபெயர்த்ததோடு, அறைகளின் வரிசையையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இனி நான் சொல்ல வந்த இடம். 2008ல் டிரான்சிடிவ் நிறுவனத்தை ஐபிஎம் வாங்கியது. 2009ல் ஆப்பிள் ரொசெட்டாவை, வேண்டுமானால் மட்டும் நிறுவிக்கொள்ளும் ஒன்றாக ஒதுக்கியது. 2011 ஜூலையில் வந்த "லயன்" பதிப்பில் அது அடியோடு போய்விட்டது. அன்றோடு ஆப்பிள்வொர்க்ஸ் போன்ற புரோகிராம்கள் புதிய கணினிகளில் திறக்கவில்லை. ஆப்பிள்வொர்க்ஸ் என்பது அமெரிக்கப் பள்ளிகளில் அதிகம் புழங்கியது. கடிதம், மதிப்பெண் பட்டியல், படம் எல்லாம் ஒரே இடத்தில் செய்யலாம். அதில் வருடக்கணக்காக வினாத்தாள் தயாரித்து வைத்திருந்த ஓர் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். கோப்பு பத்திரமாகவே இருக்கிறது. கணினியும் புதியது. ஆனால் சொடுக்கினால் திறக்காது. ஆரம்பத்தில் சொன்ன எகிப்துக் கல்வெட்டின் நிலைதான். எழுதிய கை உயிரோடு இருக்கும்போதே இந்த நிலை!

2020ல் ஆப்பிள் மூன்றாவது முறையாக மாறியது. அந்த நவம்பரில் எம்1 என்ற சொந்தப் பிராசசரோடு ரொசெட்டா 2 வந்தது. இது பெரும்பாலும் புத்தக மொழிபெயர்ப்பு வகை, புரோகிராமை முன்கூட்டியே மாற்றிவிடும். இன்னொன்றும் செய்தார்கள். பல கைகள் ஒரே கணக்கேட்டில் எழுதும்போது எந்தப் பதிவு முதலில் மற்றவர் கண்ணில் பட வேண்டும் என்பதில் இன்டெல் கண்டிப்பானது. எம்1 சார்ந்த ஆர்ம் குடும்பம் அவ்வளவு கண்டிப்பு இல்லாதது. அதனால் மொழிபெயர்த்த புரோகிராம் ஓடும்போது மட்டும் இன்டெலின் கண்டிப்பைக் கடைப்பிடிக்கும்படி பிராசசரிலேயே வசதி வைத்தார்கள். ரொசெட்டா 2 வேகமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பாலத்துக்கும் நாள் குறித்தாகிவிட்டது. 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்ததன்படி, மேக்ஓஎஸ் 27 வரைதான் ரொசெட்டா முழுமையாக இருக்கும். அதன்பின் சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் ஒரு பகுதி மிஞ்சும்.

நிறுவனத்தைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. பாலத்தைப் பராமரிக்கச் செலவாகும். எல்லோரையும் புதுக் கரைக்கு வரவைக்க வேண்டும் என்ற கணக்கும் அவர்களுக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் பழைய கோப்புக்கு இடமில்லை. அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லாபக் கணக்கு இல்லாமல் பாலம் கட்டியவர்களும் இருக்கிறார்கள். 1997ல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய மேம் என்ற எமுலேட்டர், கடைகளில் காசு போட்டு ஆடிய பழைய விளையாட்டு இயந்திரங்களை இன்றும் ஓட்டிக் காட்டுகிறது. 2003ல் பிரான்சின் ஃபப்ரீஸ் பெல்லார் வெளியிட்ட க்யூஎமு பலவகைப் பிராசசர்களைப்போல நடிக்கும். இரண்டுக்கும் மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஒருவர் விட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்தலாம்.

ஆகவே பிள்ளைகளே, மூன்று வேலை சொல்கிறேன், வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: மேக் வைத்திருப்பவர்கள் "ஆக்டிவிட்டி மானிட்டர்" திறந்து, "கைண்ட்" என்ற பத்தியைப் பாருங்கள். எந்தப் புரோகிராமுக்கு எதிரே "இன்டெல்" என்று இருக்கிறதோ அது ரொசெட்டாவை நம்பி ஓடுகிறது. அதற்குப் புதுப் பதிப்பு இருக்கிறதா என்று இப்போதே தேடுங்கள்.

இரண்டு: கல்யாண ஆல்பம், வீட்டுப் பத்திர நகல், தாத்தா பாட்டி பேசிய ஒலிப்பதிவு எதுவானாலும், ஒரே ஒரு புரோகிராமில் மட்டும் திறக்கும் வடிவத்தில் வைத்திருக்காதீர்கள். பிடிஎஃப், ஜேபெக் போன்ற பொது வடிவத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

மூன்று: நீங்களே மென்பொருள் எழுதுபவர்கள் என்றால், மூலநிரலைப் பத்திரமாக வைத்திருங்கள். எழுதியவரிடம் அது இருந்தால் புதுப் பிராசசருக்கு ஏற்ப மறுபடி தயாரித்துவிடலாம். அது தொலைந்த புரோகிராமுக்குத்தான் எமுலேட்டரைத் தவிர வேறு கதியில்லை.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உங்கள் அலுவலகங்களில் இப்படிப் பழைய புரோகிராமைக் கரையேற்றிய அனுபவம் இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லோரும் படிக்கட்டும், நானும் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்