நீலத்துணியில் ஒரு கடலூர்ச் சண்டை

நம் புதுவையில் சுஃப்ரேன் வீதி இருக்கிறது. புஸ்ஸி வீதியும் இருக்கிறது. அதற்கு லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பெயர் மாற்றிப் பல காலம் ஆகியும், என் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் அது புஸ்ஸி வீதிதான். இந்த இருவரும் ஒரே சண்டையில் நின்றது நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில், கடலூரில், 1783 ஜூன் மாதம். புஸ்ஸி கரையில், சுஃப்ரேன் கடலில். அந்தக் கடல் சண்டையை இங்கிலாந்தில் ஒரு விளையாட்டரங்கக் கூடத்தில், ஆறடி மேசை மேல், என் மாப்பிள்ளையும் நானும் ஒரே நாளில் ஏழு முறை நடத்தினோம். வேடிக்கையாக இருக்கிறதா? விவரமாகச் சொல்கிறேன்.

அந்த நாட்டில் போர் விளையாட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. ஈயத்திலும் பிளாஸ்டிக்கிலும் சின்னச் சின்னப் போர்வீரர்கள், குதிரைகள், கப்பல்கள் செய்து, வண்ணம் தீட்டி, பழைய சண்டைகளை மேசையில் நடத்துவார்கள். பெரும்பாலும் நடுவயது ஆண்கள். வருடத்துக்குச் சில முறை கண்காட்சி போடுவார்கள். அங்கே இரண்டு விதமான மேசைகள் இருக்கும். ஒன்று பார்ப்பதற்கு மட்டும்: கயிறு கட்டியிருக்கும், உள்ளே சங்கத்துக்காரர்களே விளையாடுவார்கள். இன்னொன்று வழியில் போகிறவர்கள் யாராக இருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆடலாம். இதைப் பங்கேற்பு ஆட்டம் என்பார்கள். இதில் விதி முழுவதும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிய வேண்டும், ஆட்டம் முக்கால் மணிக்குள் முடிய வேண்டும். நடத்துகிறவனுக்குத் தொண்டை வற்றும்.

இது சின்னப் பிள்ளைகள் வேலை என்று நினைக்க வேண்டாம். இதன் வரலாறு பெரியது. சுஃப்ரேன் நம் கரையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே 1782ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தின் எடின்பரோ பக்கம், எல்டின் என்ற ஊர்க்காரர் ஜான் கிளார்க் கடற்போர் முறை பற்றி ஒரு கட்டுரையைத் தம் செலவில் அச்சிட்டார். அவர் கடலில் சண்டை போட்டவரே அல்ல, வியாபாரி. சின்னக் கப்பல் பொம்மைகளைச் செய்து மேசை மேல் வரிசையாக வைத்து, ஆங்கிலக் கடற்படை ஏன் முடிவு காணாமல் திரும்பத் திரும்பச் சண்டை போடுகிறது என்று ஆராய்ந்தார். எதிரியின் வரிசைக்கு இணையாக நின்று சுட்டால் பயனில்லை, வரிசையை உடைத்து உள்ளே புக வேண்டும் என்பது அவர் முடிவு. அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் குமாஸ்தா என்றே வரும். முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தா உத்தியோகம் பார்த்த எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

அடுத்து 1898. ஃபிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் ஒரு கடற்போர் விளையாட்டை வெளியிட்டார். அதில் பகடைக்குப் பதில், முனையில் ஊசி வைத்த ஒரு மட்டை. எதிரிக் கப்பலின் படம் வரைந்த அட்டையில் அதைக் கொண்டு அடிக்க வேண்டும், ஊசி எங்கே குத்துகிறதோ அங்கே குண்டு விழுந்ததாகக் கணக்கு. உலகப் போர்க்கப்பல்களின் விவரங்களைத் தொகுத்து அதே ஆண்டில் அவர் வெளியிட்ட நூல்தான், இன்று எல்லா நாட்டுக் கடற்படையும் புரட்டிப் பார்க்கும் ஜேன் ஆண்டு நூலாக வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போரில் இது உயிர் காக்கும் வேலையாகவே ஆயிற்று. 1942இல் லிவர்பூலில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவர், கடற்படையின் மகளிர் பிரிவிலிருந்து வந்த இளம் பெண்களைக் கொண்டு, ஒரு அறையின் தரையையே அட்லாண்டிக் கடலாக்கினார். சாக்கட்டியால் கப்பல் பாதைகள் கோடு போடப்படும். ஆட வந்த அதிகாரிகள் திரைக்குப் பின்னால் நின்று ஓட்டை வழியாகத்தான் பார்க்க முடியும். உண்மையான கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அங்கேயும் தெரியும். ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல் கூட்டத்துக்குப் பின்பக்கமாக வந்து உள்ளேயே நுழைந்து தாக்குகின்றன என்பதை அந்தத் தரையில்தான் கண்டுபிடித்தார்கள். சுமார் ஐயாயிரம் அதிகாரிகள் அங்கே பயின்று போனார்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

1778இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். பிறகு சுஃப்ரேன் ஒரு கப்பற்படையோடு வந்தார். 1782இல் மட்டும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸுடன் நான்கு முறை மோதினார்: பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால், ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை. எதிலும் முழு வெற்றி யாருக்கும் இல்லை. மூர்க்கமாக முன்னே போகிற தளபதி அவர், பின்னே தயங்கி நிற்கிற கேப்டன்கள் சிலர். ஐந்தாவது சண்டைதான் கடலூர். கரையில் புஸ்ஸியை ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை வளைத்திருந்தது. ஹியூஸின் கப்பல்கள் கடலை அடைத்திருந்தன. சுஃப்ரேன் திருகோணமலையிலிருந்து வந்தார். அவரிடம் 15 கப்பல், ஹியூஸிடம் 18. பீரங்கிக்கு ஆள் போதாமல் கடலூரில் புஸ்ஸியிடம் 1200 பேரை வாங்கிக் கப்பலில் ஏற்றினார். அவர்களில் ஐரோப்பியரும் உண்டு, இந்தியச் சிப்பாய்களும் உண்டு.

ஜூன் 20, மாலை நான்கு மணிக்கு மேல் சண்டை தொடங்கியது. சுமார் மூன்று மணி நேரம். இருட்டியதும் நின்றது. ஒரு கப்பலும் மூழ்கவில்லை, ஒரு கப்பலும் பிடிபடவில்லை. இரு தரப்பிலும் சேர்த்து இருநூறு பேர் அளவில் செத்தார்கள், எண்ணூறு பேர் அளவில் காயம் பட்டார்கள். குடிநீர் குறைந்து, ஸ்கர்வி நோயில் மாலுமிகள் படுத்துவிட்ட நிலையில் இருந்த ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். சுஃப்ரேன் கடலூருக்கு எதிரே நங்கூரம் போட்டார்.

ஜூன் 29 அன்று வெள்ளைக்கொடியோடு ஒரு ஆங்கிலக் கப்பல் வந்தது. ஜனவரி 20ஆம் தேதியே வெர்சாயில் பூர்வாங்க சமாதானம் கையெழுத்தாகிவிட்டது என்பதுதான் அது கொண்டு வந்த செய்தி. சரியாக ஐந்து மாதம் கழித்து அந்த இருநூறு பேர் செத்திருக்கிறார்கள். பின்னர் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி புதுச்சேரி பிரஞ்சுக்காரர்களுக்குத் திரும்ப வந்தது. நான் படித்தது பிரஞ்சுப் பள்ளி. சுஃப்ரேன் பற்றிப் பாடம் உண்டு, பிறந்த தேதி முதல் மனப்பாடம். ஆனால் அந்த "கூதலூர்" நாங்கள் பஸ் ஏறிப் போகும் கடலூர்தான் என்று எந்த முசியேவும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மகள் வீட்டுக்கு நான் போயிருந்த சமயம், மாப்பிள்ளை தம் சங்கத்துக்காக ஒரு கடல் ஆட்டம் நடத்த ஒப்புக்கொண்டிருந்தார். என்ன சண்டை என்று முடிவாகவில்லை. நான் கடலூர் என்றேன். பிரஞ்சு நூல்களைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு, கப்பலும் வண்ணமும் அவர் பொறுப்பு.

கப்பல்கள் ஆயிரத்து இருநூறில் ஒரு பங்கு அளவு. எழுபத்து நான்கு பீரங்கிக் கப்பல் ஒன்று என் சுண்டுவிரல் நீளம் கூட வராது. பாய்மரக் கயிறுக்குக் கறுப்பு நூல். 33 கப்பலை வைத்தால் நாள் முழுக்க ஆட வேண்டும். அதனால் 15க்கு 5, 18க்கு 6 என்று மூன்றில் ஒன்றாக்கினோம், விகிதம் கெடவில்லை. மூன்று மணி நேரச் சண்டை, அரை மணிக்கு ஒரு சுற்று, ஆறு சுற்று முடிந்தால் இருட்டு. காற்று மேற்கிலிருந்து, அதாவது நம் மீனவர்கள் சொல்லும் கச்சான். இரு தரப்பிலும் வீரன் என்ற பெயரில் ஒரு கப்பல் இருந்தது, பிரஞ்சில் ஏரோ, ஆங்கிலத்தில் ஹீரோ. ஆட வருகிறவர்கள் குழம்பாமலிருக்க வெள்ளை நூலும் சிவப்பு நூலும் கட்டினோம்.

இரண்டு விதிகள் என் யோசனை. முதலாவது, அந்தச் சண்டையில் மன்னர் உத்தரவுப்படி சுஃப்ரேன் வரிசையில் நிற்காமல், தனியாக ஒரு சிறு ஃப்ரிகேட் கப்பலில் இருந்துதான் கட்டளையிட்டார். எனவே சுஃப்ரேனாக ஆடுபவர் எந்தக் கப்பலையும் தொடக் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. ஐந்து சொல்லுக்குள் துண்டுச் சீட்டு எழுதிக் கேப்டன்களுக்கு அனுப்பலாம். நோட் போட்டு அனுப்பி, மேசைக்கு மேசை அது என்ன கதியாகிறது என்று பார்ப்பது எனக்குப் பழகிய விஷயம்தானே! இரண்டாவது, ஒவ்வொரு கப்பலிலும் ஆட்களுக்குப் பதில் மணிகள். பிரஞ்சுக் கப்பல்களுக்குக் கடலூரில் ஏற்றிய ஆட்களுக்காக வெள்ளை மணி ஒன்று, பழுப்பு மணி ஒன்று கூடுதல். குண்டு பட்டால் மணியை எடுத்துச் சாசரில் போட வேண்டும்.

மூன்றாவதாக ஒரு அட்டை எழுதினேன். அதில்தான் எங்களுக்குள் பேச்சு வந்தது. ஆட்டம் முடிந்ததும் அதைத் திருப்ப வேண்டும். சமாதானம் ஐந்து மாதம் முன்பே ஆகிவிட்டது என்று அதில் இருக்கும்.

"மாமா, டிக்கெட் வாங்கி வர்றவங்க சந்தோஷமா போகணும். பிள்ளைங்களும் வரும். கடைசியில இது எதுக்கு?" என்றார்.

"மாப்பிள்ளை, இதை விட்டுட்டா நீங்க நடத்துறது கடலூர்ச் சண்டையே இல்ல. ஏதோ பதினோரு கப்பல், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அட்டை மேசையில் இருந்தது.

காலை பத்து மணிக்கு முதல் ஆட்டம். நான் பயந்தது போல் ஒன்றும் ஆகவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சுஃப்ரேன் வேடத்தில் இருந்தவர் "நெருங்கு, நெருங்கு" என்று சீட்டு அனுப்ப, கடைசிக் கப்பலில் இருந்த இளைஞன் தன் கப்பலுக்கு அடி படக் கூடாது என்று தள்ளியே நின்றான். 1782இல் அந்தக் கேப்டன்கள் செய்ததைத்தான் அவன் யாரும் சொல்லாமலே செய்தான். ஒரு அம்மாள் பழுப்பு மணிகளைக் கையில் எடுத்து யார் இவர்கள் என்று கேட்டார். சிப்பாய்கள், தரையில் சண்டை போடச் சேர்ந்தவர்கள், பீரங்கி இழுக்கக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் என்றேன். பெயர் கிடைக்குமா என்று கேட்டார். கேப்டன்கள் பெயர் எல்லா நூலிலும் இருக்கிறது, இவர்கள் பெயரை நான் படித்த எதிலும் பார்க்கவில்லை என்றேன். நம் ஊரில் சொல்தா குடும்பம் என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரான்சுக்காக வியட்நாமிலும் அல்ஜீரியாவிலும் நின்றவர்கள் வீட்டில் போட்டோ இருக்கிறது, பென்ஷன் புத்தகம் இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் போன இவர்களுக்கு அன்று என் மேசையில் ஒரு மணி இருந்தது.

நான்காவது ஆட்டத்தில் ஹியூஸாக ஆடியவர் நன்றாக ஆடினார். அட்டையைத் திருப்பியதும் அவர் முகம் மாறியது. "இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிறகு எதற்காக நாங்கள் இவ்வளவு நேரம் ஆடினோம்?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

எனக்கு இங்கிலீஷ் பிரஞ்சு போலச் சரளமாக வராது. "அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கும் யாரும் முதலில் சொல்லவில்லை ஐயா" என்று மட்டும் சொன்னேன். அவர் சாசரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தாம் இழந்த மணிகளை எண்ணினார். பிரஞ்சுத் தரப்பில் ஆடிய பையனும் தன்னுடையதை எண்ணினான். இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை. உண்மையிலும் அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அட்டையை வைப்பதா வேண்டாமா என்ற பேச்சே எழவில்லை. கடைசி ஆட்டத்தில் நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது மாப்பிள்ளையே அட்டையைத் திருப்பி, வெர்சாயிலிருந்து கடலூருக்குச் செய்தி வர ஏன் அத்தனை மாதம் ஆயிற்று என்று ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டும், பாய்மரம், பருவக்காற்று எல்லாம் சரியாகச் சொன்னார்.

விதிகள் ஒரே பக்கம்தான். தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஈயக் கப்பல் வேண்டாம். தீப்பெட்டியில் குச்சி நட்டுப் பாய் ஒட்டினாலே போதும், மணிக்குப் புளியங்கொட்டையும் குன்றிமணியும் இருக்கின்றன. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீட்டார் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஒரு பிரதி தருகிறேன். அட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆட்டம் முடிந்த மறுநாள், முடிந்தால், பிள்ளைகளைத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அந்தப் பக்கம் பார் என்று கையைக் காட்டிவிட்டு வாருங்கள்.