கரினா: பிறர் விளையாட்டுகளை வெளியிட்டு வளர்ந்த சிங்கப்பூர் நிறுவனம்

ஃப்ரீ ஃபயர் விளையாட்டைத் திறந்ததும் திரையில் வரும் பெயர் கரினா. அதைச் சீன நிறுவனம் என்று எண்ணிக்கொண்டிருப்போர் பலர். அதன் தலைமையகம் இருப்பதோ சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில். 2009ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட கரினா, இணைய விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனம். ஷாப்பி மின்வணிகத் தளமும் இதே வீட்டுப் பிள்ளைதான். ஷாப்பியில் கழிவு விலையிலும் இலவச விநியோகத்திலும் பொருள் வாங்கிய பலருக்கு, அந்தச் சலுகைகளின் பின்னணியில் பிள்ளைகள் கைப்பேசி விளையாட்டில் செலவிட்ட காசும் இருந்தது தெரியாது.

நிறுவனரான ஃபாரஸ்ட் லி, சீனாவின் தியான்ஜின் நகரில் பிறந்தவர். ஷாங்காயில் பொறியியல் படித்து வேலை பார்த்தபின், அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் வர்த்தக மேலாண்மை பயின்றார். ‘ஃபாரஸ்ட்’ என்ற பெயர் ‘ஃபாரஸ்ட் கம்ப்’ திரைப்படத்தைப் பார்த்து அவரே வைத்துக்கொண்டது. திருமணத்தை ஒட்டிச் சிங்கப்பூரில் குடியேறிய அவர், முதலில் தொடங்கிய விளையாட்டு நிறுவனம் நிலைக்கவில்லை. அடுத்து கேங் யே, டேவிட் சென் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கியதுதான் கரினா. ‘குளோபல் அரினா’ என்பதன் சுருக்கம் அது. மூவருமே பின்னாளில் சிங்கப்பூர்க் குடிமக்களானவர்கள்.

விளையாட்டைத் தயாரிப்பவர் வேறு, வெளியிடுபவர் வேறு என்பது பலருக்குப் புதிதாக இருக்கலாம். திரைப்படத்துக்கு விநியோகஸ்தர் எப்படியோ, ஏறக்குறைய அப்படி. ஆனால் இணைய விளையாட்டை வெளியிடுபவருக்கு வேலை கூடுதல். படத்தைத் திரையரங்கில் சேர்ப்பதோடு விநியோகஸ்தரின் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். இங்கே சேவையகங்களை அந்தந்த வட்டாரத்திலேயே அமைக்க வேண்டும், உள்ளூர் மொழிகளில் மாற்ற வேண்டும், ஏமாற்றி விளையாடுவோரை நீக்க வேண்டும், போட்டிகள் நடத்த வேண்டும், பணம் வசூலிக்கவும் வழி செய்ய வேண்டும். இவை நாள்தோறும் நடக்க வேண்டியவை.

கரினாவின் தொடக்கம் எளிமையானது. அந்தக் காலத்தில் இளையர்கள் லேன் கடைகளிலும் சைபர் கஃபேக்களிலும் கூடி, ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டின் வழியே ‘டோட்டா’ ஆடிக்கொண்டிருந்தனர். ஒரே கடையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் சேர்ந்து ஆட முடியும் என்ற நிலையை மாற்றியது கரினாவின் மென்பொருள். ஈப்போவில் இருப்பவரும் ஈசூனில் இருப்பவரும் ஒரே அறையில் இருப்பதுபோல் இணையம் வழி விளையாடலாம். அரட்டையடிக்கலாம், குழு அமைக்கலாம். சொந்தமாக ஒரு விளையாட்டுகூட இல்லாமலேயே விளையாட்டாளர் கூட்டத்தை நிறுவனம் சேர்த்துவிட்டது.

அந்தக் கூட்டம்தான் அடுத்த கட்டத்துக்கு மூலதனம். அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனம் தயாரித்த ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டைத் தென்கிழக்காசியாவில் வெளியிடும் உரிமை 2010ல் கரினாவுக்குக் கிடைத்தது. சீனாவின் டென்சென்ட் நிறுவனமும் முதலீட்டாளராக உள்ளே வந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே சேவையகத்தைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் தைவான், பிலிப்பீன்ஸ், வியட்னாம், தாய்லாந்து, இந்தோனீசியா என்று விரிந்தது. 2012ல் இந்த விளையாட்டின் உலகக் கிண்ணத்தைத் தைவானின் தைப்பே அசாசின்ஸ் குழு வென்றபோது, கரினாவின் வட்டாரம் உலகின் கண்ணில் பட்டது.

விளையாட்டு இலவசம். கதாபாத்திரங்கள், அவற்றின் உடைகள் போன்றவற்றுக்குத்தான் பணம். ஆனால் வட்டாரத்தின் பெரும்பாலான இளையர்களிடம் கடன் அட்டை இல்லை. எனவே கரினா முன்கட்டண அட்டைகளை விற்றது. சைபர் கஃபேயிலோ 7-லெவன் கடையிலோ ரொக்கம் கொடுத்து அட்டை வாங்கி, எண்ணைத் தட்டினால் கணக்கில் ‘ஷெல்’ ஏறும். பெற்றோர் கொடுத்த கைச்செலவுப் பணம் அட்டையானது இப்படித்தான். இந்த அனுபவமே 2014ல் ‘ஏர்பே’ கட்டணச் சேவைக்கும், மறு ஆண்டு ஷாப்பிக்கும் வழிவிட்டது. கரினாவின் வரலாற்றில் புகழ்பெற்ற விளையாட்டுகளைவிட இந்த அட்டைக்கே முக்கிய இடம் தரவேண்டும். ரொக்கப் பழக்கமுள்ள மக்களிடம் இணையத்தில் எப்படி வணிகம் செய்வது என்பதை நிறுவனம் அதில்தான் கற்றுக்கொண்டது.

2017 மே மாதம் தாய் நிறுவனத்தின் பெயர் ‘சீ’ என்று மாறியது. ஆங்கிலத்தில் கடலைக் குறிப்பதோடு தென்கிழக்காசியாவின் சுருக்கமாகவும் அமைந்த பெயர். தமிழ்க் காதுக்குக் கொஞ்சம் வேடிக்கையாக ஒலிப்பதைத் தவிர்க்க முடியாது. கரினா என்ற பெயர் விளையாட்டுப் பிரிவுக்கு நிலைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தையில் ஒரு பங்கு 15 டாலர் என்ற விலையில் பட்டியலிடப்பட்டு, சீ ஏறத்தாழ 884 மில்லியன் அமெரிக்க டாலர் திரட்டியது. அதுவரை கரினா புகழ்பெற்றதெல்லாம் பிறர் தயாரித்த விளையாட்டுகளால். உரிமை ஒப்பந்தம் முடிந்தால் விளையாட்டும் கைவிட்டுப் போகும் என்ற அச்சம் முதலீட்டாளர்களுக்கு இருந்ததில் வியப்பில்லை.

அந்த அச்சத்துக்கு விடையாக 2017 டிசம்பரில் வந்தது ஃப்ரீ ஃபயர். வியட்னாமின் 111 டாட்ஸ் ஸ்டூடியோ உருவாக்கியது. கரினா இதைத் தனது முதல் சொந்தத் தயாரிப்பாகக் கருதுகிறது. ஒரு தீவில் குதித்து, கடைசி ஆளாக மிஞ்சுபவர் வெல்லும் விளையாட்டு. அந்த வகையில் அப்போது உலகைக் கலக்கிய ‘பப்ஜி’யில் 100 பேர் ஆடுவர், ஓர் ஆட்டம் அரை மணி நேரம் இழுக்கும். ஃப்ரீ ஃபயரில் 50 பேர், சுமார் பத்து நிமிடம். விலை குறைந்த, நினைவகம் குறைந்த கைப்பேசியிலும் ஓடும். இணைய வேகம் சுமாராக இருந்தாலும் போதும். மற்ற தயாரிப்பாளர்கள் உயர்ரகக் கைப்பேசிகளைக் குறிவைத்தபோது, கரினா தன் வட்டாரத்துப் பிள்ளைகளின் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தது. அதே மலிவுக் கைப்பேசிதான் பிரேசிலிலும் இந்தியாவிலும் இருந்தது. தமிழகத்தில் ஃப்ரீ ஃபயரைத் தமிழில் பேசியபடி நேரலையாக ஆடிக்காட்டும் யூடியூப் ஒளிவழிகளே பெருகின.

2019ல் உலகில் ஆக அதிகமாகப் பதிவிறக்கப்பட்ட கைப்பேசி விளையாட்டு இதுவே. கொவிட் முடக்கத்தின்போது ஒரே நாளில் விளையாடியோர் எண்ணிக்கை உச்சத்தில் 100 மில்லியனைத் தொட்டது. 2021ல் 150 மில்லியன். அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரில் நடந்த ஃப்ரீ ஃபயர் உலகத் தொடரை ஒரே நேரத்தில் 5 மில்லியனுக்கும் அதிகமானோர் பார்த்தனர். சீ பங்கு 350 டாலரைத் தாண்டியது. நிறுவனத்தின் சந்தை மதிப்பு 200 பில்லியன் டாலரை எட்ட, தென்கிழக்காசியாவின் ஆக மதிப்புமிக்க நிறுவனமானது.

கணக்கைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரியும். 2021ல் வட்டி, வரி, தேய்மானம் போன்றவற்றைக் கழிக்கும் முன் விளையாட்டுப் பிரிவு ஈட்டியது சுமார் 2.8 பில்லியன் டாலர். மின்வணிகப் பிரிவு இழந்தது சுமார் 2.6 பில்லியன். ஒரு கை சம்பாதித்ததை மறு கை வாரியிறைத்தது. அந்தச் சம்பாத்தியமும் பெரும்பாலும் ஒரே விளையாட்டிலிருந்து வந்தது.

அடி விழுந்தது 2022 பிப்ரவரியில். தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டி இந்தியா தடை செய்த 54 செயலிகளில் ஃப்ரீ ஃபயரும் ஒன்று. தான் சிங்கப்பூர் நிறுவனம் என்றும் இந்தியப் பயனர்களின் தரவுகளைச் சீனாவுக்கு அனுப்பவில்லை என்றும் சீ விளக்கியது. டென்சென்டின் பங்குரிமை சந்தேகத்துக்கு இடமளித்திருக்கும் என்பது பரவலான கருத்து. தடைச் செய்தியால் ஒரே நாளில் பங்கு 18 விழுக்காடு சரிந்து, 16 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட மதிப்பு கரைந்தது. மறு மாதமே ஷாப்பி இந்தியாவிலிருந்து விலகியது. முடக்கநிலை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியதும் விளையாடும் நேரம் குறைந்தது. 2021ல் 4.6 பில்லியன் டாலராக இருந்த விளையாட்டாளர்களின் செலவு, 2023ல் 1.8 பில்லியனுக்கு இறங்கியது.

குழுமம் பல நாடுகளில் ஆட்குறைப்பு செய்தது. 7,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்ததாக ஊடகங்கள் தெரிவித்தன. நிறுவனம் தன் காலில் நிற்கும்வரை உயர்நிர்வாகிகள் ரொக்கச் சம்பளம் பெறமாட்டார்கள் என்று ஃபாரஸ்ட் லி 2022 செப்டம்பரில் ஊழியர்களுக்கு எழுதினார். பணிப்பயணங்களில் உணவுச் செலவுக்கும் நாளுக்கு 30 டாலர் வரம்பு வந்தது. 2023ல் சீ முதன்முறையாக முழு ஆண்டு லாபம் கண்டது.

2023 ஜனவரியில் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ உரிமையும் ரயட் கேம்ஸ் வசம் திரும்பியது. 12 ஆண்டுகள் கரினா கணக்கில் விளையாடியவர்கள் தங்கள் கணக்குகளை அங்கு மாற்றிக்கொண்டனர். இந்தியாவுக்குத் திரும்புவதாக 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஃப்ரீ ஃபயர், மறு மாதம் வெளியீட்டை ஒத்திவைத்தது. ஆனாலும் விளையாட்டு ஓயவில்லை. 2024 தொடக்கத்தில் அன்றாட விளையாட்டாளர் எண்ணிக்கை மீண்டும் 100 மில்லியனைத் தாண்டியது; அவ்வாண்டு விளையாட்டாளர்களின் செலவும் 2.1 பில்லியன் டாலருக்கு மீண்டது. அவ்வாண்டு இறுதியில் டென்சென்ட் குழுமத்தின் ‘டெல்டா ஃபோர்ஸ்’ விளையாட்டைத் தென்கிழக்காசியா, பிரேசில் உள்ளிட்ட சந்தைகளில் கரினா வெளியிட்டது. அதுவும் இன்னொருவர் தயாரித்ததே.